விதை போடாத படம்

பிப்ரவரி 3

அன்று அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் நான், நீ, மாப்பிள்ளை, உங்கள் இருவருக்கும் தலைவர், உங்களோடு வேலை பார்க்கிற கண்ணாடிக்காரி, குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்த ஆள். வேறு யாரும் இல்லை. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

அன்புள்ள பொடிசு, சுகம்தானே? முழங்காலைத் தவிர நானும் சுகம். விசாரிப்பதற்கு முன்பே இதை ஏன் எழுதினேன் என்று கேட்பாய். உன் சீட்டு நேற்று வந்தது. "கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம் பாட்டி. சின்னச் சிக்கல். கவலைப்படாதீர்கள்." அவ்வளவுதான். நீ கவலைப்படாதே என்று எழுதினால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். சின்ன வயதில் கையை உடைத்துக்கொண்டு வந்தபோதும் இதையேதான் சொன்னாய்.

மூன்று மாதத்துக்கு முன் நான் அங்கே தங்கியிருந்தபோது அந்தக் கட்டுரை முடிந்ததற்குத்தானே எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாய்? சாப்பிட உட்காரும் முன் உங்கள் தலைவர் கையைக் கழுவிக்கொண்டே, "அந்த நிரந்தர இடம் இனி உனக்குத்தாம்மா, வேற யாருக்குக் குடுக்க முடியும்?" என்று சொன்னாரே. அப்போது கண்ணாடிக்காரி முகம் போன போக்கை நான் பார்த்தேன். பெரிய உருளைக்கிழங்காகப் பார்த்து இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கதவைப் பார்த்து உட்காருகிறவளை நான் நம்புவதில்லை.

என்ன நடந்தது என்று முழுசாக எழுது. செல்போன் இருந்தால் வானத்தின் சத்தம் கெட்டுவிடும் என்று சொல்லி அதையும் பிடுங்கி வைத்திருக்கிற ஊரில் போய் உட்கார்ந்திருக்கிறாய். இருக்கிற ஒரு தொலைபேசியும் தலைவர் அறையில். கடிதத்தை விட்டால் எனக்கு வழி ஏது?

உன் பாட்டி

•

பிப்ரவரி 19

அன்புள்ள பாட்டிக்கு, வணக்கம். நாங்கள் இருவரும் நலம். முழங்காலுக்கு அந்தத் தைலம் போடுகிறீர்களா? கீழே மருந்துக்கடைக்காரரிடம் சொன்னால் மாடிக்கே கொண்டுவந்து தருவார்.

நடந்ததைச் சொல்கிறேன். வானம் முழுக்க மிகப் பழைய வெப்பம் ஒன்று மங்கலாகப் பரவியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நுண்ணலையில் அதைப் படமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய வெப்பத்தைப் படிக்கிறவர்களுக்கு, நடுநடுவே இருக்கும் புள்ளிகள் அழுக்கு மாதிரி. துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த அழுக்குதான் வேலை. ஒவ்வொரு புள்ளியும் நம் பால்வெளிக்கு வெளியே, எங்கேயோ தொலைவில் வானொலி அலை வீசிக்கொண்டிருக்கும் ஒரு விண்மீன் மண்டலம்.

பெரும்பாலானவை தனியாகப் பார்த்தால் தெரியாத அளவுக்கு மங்கல். அதனால் வேறு தொலைநோக்கிகள் "இந்த இடத்தில் ஒன்று இருக்கிறது" என்று காட்டும் இடங்களை எல்லாம் படத்திலிருந்து சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவேன். இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் ஒரு பொட்டு மட்டும் மிஞ்சும். அந்தப் பொட்டின் பிரகாசத்தைத்தான் கட்டுரையில் எழுதினேன்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. முறை சரியா என்று சோதிக்க, படத்தின் ஒரு பிரதியில் பொய்ப் புள்ளிகளைப் போட்டு வைப்பார்கள். விதை என்போம். எந்தப் பிரதியில் விதை இருக்கிறது என்று ஒருவருக்குத்தான் தெரியும். அந்த விதைக்காரர் யார் என்று தலைவரைத் தவிர யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து, தலைவர் திறக்கச் சொன்ன பிறகுதான் அவர் வாயைத் திறக்கலாம்.

எப்படியோ விதை போட்ட பிரதி என்னிடம் வந்துவிட்டது. அனுப்பும் முன் திறந்தும் பார்க்கவில்லை, மற்றவர்கள் அளந்ததோடு ஒத்துவராமல் போன பிறகுதான் தலைவர் பார்த்தார். என் பொட்டு எல்லாரும் எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு பிரகாசமாக இருந்தது. அதில் அந்த அரை, விதை. ஊரெல்லாம் கைதட்டியது அந்த அரைக்குத்தான்.

விசாரணைக் குழு வருகிறது. என் கவனக்குறைவு என்று முடிவானால் என் ஒப்பந்தம் இத்தோடு சரி. நிரந்தர இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மற்றபடி எல்லாரும் நலம்.

உங்கள் பேத்தி

•

மார்ச் 1

அன்புள்ள பொடிசு, சுகமா? தைலம் போடுகிறேன். அதன் நாற்றத்துக்கு வலியே பரவாயில்லை.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். வானம் பாதிதான் புரிந்தது. "எப்படியோ" என்று எழுதியிருந்தாயே, அது நன்றாகப் புரிந்தது. ரயில் நிலையத்தில் பயணிகள் பெட்டிகளைக் காத்துக் கொடுக்கிற அறையில் வேலை பார்த்தவள் நான். "எப்படியோ மாறிடுச்சும்மா" என்று எத்தனை பேர் வந்து நின்றிருக்கிறார்கள் தெரியுமா? பெட்டிக்குக் கால் கிடையாது. யாராவது தூக்கினால்தான் போகும்.

அன்று சாப்பிடும்போது கண்ணாடிக்காரி கேட்டாள். "இது எந்தப் பிரதி? விதை போட்டதா, போடாததா?" நீ மாப்பிள்ளையைப் பார்த்தாய். அவர் என் தட்டில் பரிமாறிக்கொண்டே, "போடாதது. நான்தானே எடுத்துக் குடுத்தேன்" என்றார். தலைவர் சிரித்தார். "நீயே சொல்லிட்டே, அப்புறம் என்ன? திறக்கவே வேண்டாம். அனுப்பிடும்மா." குளிர்சாதனக்காரர் காதில் பஞ்சு. இயந்திர அறைச் சத்தத்துக்கு வைத்ததை எடுக்காமலே சாப்பிட்டார். நான் என்னவோ பின்பக்கம் காய்கறித் தோட்டம் போடுகிறீர்கள் என்று நினைத்து, "மண்ணு நல்லாருக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, அது வேறு விஷயம்.

எனக்குப் படுவது இதுதான். அந்தக் கேள்வியைக் கேட்டவளுக்குப் பதில் முன்பே தெரியும். பிரதியை மாற்றி வைத்துவிட்டு, ஊர் முன்னால் மாப்பிள்ளை வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறாள். பாவம், அவருக்கும் சேர்த்துக் குழி. அவளுக்கும் அந்த நிரந்தர இடத்தின் மேல் கண் என்று நீதானே சொன்னாய்?

குழுவிடம் இதைச் சொல். மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தார், தலைவர் திறக்க வேண்டாம் என்றார். உன் தலையில் ஏன் விடிய வேண்டும்?

உன் பாட்டி

•

மார்ச் 18

அன்புள்ள பாட்டிக்கு, நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கண்ணாடி அப்படிப்பட்டவள் இல்லை. அவளைத் திட்டாதீர்கள். சாப்பாட்டு மேஜையில் யார் என்ன சொன்னார்கள் என்பது இப்போது முக்கியம் இல்லை பாட்டி. அதை யாரிடமும் சொல்ல வேண்டாம். கடிதத்திலும் எழுத வேண்டாம். சரக்கு வண்டியில் வரும் தபால் அலுவலக மேஜையில்தான் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இங்கே ஒரே புழுதி. அலைவாங்கியின் பெரிய தட்டைத் துடைக்க ஆள் போதவில்லை என்று நானும் போய் நிற்கிறேன். அவர் உங்களை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னார்.

பேத்தி

•

ஏப்ரல் 1

பொடிசு, சுகமா?

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் ஒரு கடிதத்தில்கூட அவர் என்னைக் கேட்டதில்லை. நான் வந்து தங்கியபோதே "வாங்க", "போயிட்டு வாங்க" இரண்டுதான். இடையில் உருளைக்கிழங்கு. இப்போது "மிகவும்" கேட்கிறாராம். ஏன்?

"உங்கள் பேத்தி" என்று முடிப்பவள், இந்தத் தடவை வெறும் "பேத்தி" என்று முடித்திருக்கிறாய். ஓரத்தில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா?

எனக்கு இரண்டே கேள்வி. விதைக்காரர் யார் என்று இந்நேரம் தெரிந்திருக்குமே, யார்? நிரந்தர இடம் யாருக்குப் போயிற்று? கண்ணாடிக்காரி என்று இருந்தால் தைரியமாக எழுது, நான் எதிர்பார்த்ததுதான். வேறு பெயர் என்றாலும் எழுது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

உன் பாட்டி

•

ஏப்ரல் 24

பொடிசு, பதில் இல்லை. சரக்கு வண்டி இந்த மாதம் மூன்று தரம் போய் வந்திருக்கிறது. தபால்காரரிடம் விசாரித்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர், "அங்க வேலை அதிகமா இருக்கும், விடுங்கம்மா" என்கிறார். வேலை அதிகமானால் நீ கிறுக்கலாகவாவது எழுதுவாய். எழுதாமல் இருந்தால் வேலை இல்லை என்று அர்த்தம்.

பாட்டி

•

மே 6

மதிப்புக்குரிய பாட்டிக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பேத்தியோடு வேலை பார்க்கிறவள் நான். நீங்கள் என்னைக் கண்ணாடிக்காரி என்பீர்களாம். என்மேல் உங்களுக்கு என்ன சந்தேகம் என்பதும் தெரியும். இரண்டு உருளைக்கிழங்கு உட்பட. அவள் முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டுவாள். இப்போது எதையும் காட்டுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருடம் விதைக்காரர் உங்கள் வீட்டு மாப்பிள்ளை. விசாரணை தொடங்கிய பிறகே எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது. நிரந்தர இடமும் போன வாரம் அவருக்குத்தான் கிடைத்தது. தான் எந்தப் பிரதியையும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளாகவே தவறாக எடுத்துக்கொண்டாள், விதைக்காரர் பேசக் கூடாது என்பது விதியாகையால் தான் பேசவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவர் பேசினார் பாட்டி. கேள்வி கேட்டவளே நான். குழுவிடம் சொன்னேன். "உங்களுக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது, இல்லையா?" என்று கேட்டார்கள். தலைவர் தனக்கு ஞாபகமில்லை என்கிறார். பழுதுபார்க்க வந்தவர் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்கிறார். உங்கள் பேத்தி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மேஜையில் காதால் கேட்டவர்களில் இதனால் லாபமோ நட்டமோ இல்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான்.

உங்களுக்கு நினைவிருந்தால் எழுதித் தருவீர்களா? குழுவின் முகவரியை இணைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி

•

மே 14

கண்ணாடிக்காரிக்கு ஆசீர்வாதம்.

நினைவிருந்தால் என்று எழுதியிருக்கிறாய். அதைச் சும்மா மரியாதைக்கு எழுதினதாக எடுத்துக்கொள்கிறேன். சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு முகத்தைப் பார்த்தே அவரவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு பெட்டி மாறினதில்லை. என் நாத்தனார் தன் குடையை நான் மாற்றிவிட்டேன் என்று ஒரு தரம் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் நான் சமாதானம் ஆகவில்லை.

அன்று நடந்ததை, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் கையில் என்ன இருந்தது என்பது முதல், குழுவுக்கே எழுதி அனுப்பிவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து அப்படித்தான் இருக்கும், அதற்காக விஷயம் கோணலாகிவிடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் விதி, வாயைத் திறந்து பொய் சொல்வது எந்த விதியில் வருகிறது என்றும் கேட்டிருக்கிறேன்.

உன்மேல் இருந்த சந்தேகத்தை எடுத்துவிட்டேன். உருளைக்கிழங்கு விஷயம் அப்படியே இருக்கிறது.

என் பேத்தி சாப்பிடுகிறாளா? அதை மட்டும் எனக்கு எழுது.

பாட்டி

•

ஜூன் 12

அம்மையீர்,

தங்கள் மே 14 கடிதம் குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதில் கண்ட விவரங்கள் குறித்துத் தங்கள் பேத்தியிடம் விளக்கம் கோரப்பட்டது. முதுமை காரணமாகத் தங்களுக்கு அண்மைக் காலமாக நினைவு தடுமாறுவதாகவும், ஒரு நாள் நடந்ததை வேறொரு நாளோடு சேர்த்துச் சொல்வது தங்கள் வழக்கம் என்றும், குறிப்பிட்ட நாளில் அவ்வாறு எவரும் கூறியதாகத் தமக்கு நினைவில்லை என்றும் அவர் எழுத்து மூலம் தெரிவித்துள்ளார். ஆகவே தங்கள் கூற்றை ஏற்க இயலவில்லை என்பதையும், விசாரணை நிறைவுற்றது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

தங்கள் உடல்நலனுக்கு எங்கள் வாழ்த்துகள்.

குழுச் செயலாளர்

•

ஜூன் 20

அன்புள்ள பாட்டிக்கு,

உங்களுக்குக் குழுவின் கடிதம் வந்திருக்கும். அதை அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. அவர்தான் எடுத்துக் கொடுத்தார், அவர்தான் சொன்னார். தெரிந்தே கொடுத்தாரா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். அப்புறம், "கண்ணாடி கேட்டப்போ உண்மையைச் சொல்லிருக்கலாம். அந்த இடம் உனக்குத்தான்னு தலைவர் சொன்னதும் என் வாயில் வேற வந்துடுச்சு" என்றார். அழுதார் பாட்டி. ஒன்பது வருடமாக ஒப்பந்தத்திலேயே இருந்தவர்.

நான் யோசித்தேன். நான் கவனக்குறைவாக இருந்தேன் என்றால் இங்கே வேலை போகும், வேறு எங்காவது பாடம் நடத்தலாம். அவர் பொய் சொன்னார் என்று ஆனால் இந்தத் துறையில் எந்த வாசலும் அவருக்குத் திறக்காது. ஒரு வீட்டில் ஒருவராவது நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதில் ஓர் எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க வேண்டுமென்றால் உங்களையே மறுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அதனால் வேலையா போகிறது, பெயரா போகிறது, யாரோ நாலு பேர் ஒரு அறைக்குள் படித்துவிட்டுக் கோப்பில் போடப்போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. அங்கே வரலாமா? அவர் இங்கேயே இருப்பார். அவரை மன்னித்துவிடுங்கள் பாட்டி. இதைத் தவிர உங்களிடம் வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

உங்கள் பேத்தி

•

ஜூலை 2

அன்புள்ள பொடிசு,

சுகமாக வந்து சேர். உன் அறையில் மின்விசிறி சத்தம் போட்டது, மாற்றியாயிற்று. ஜன்னலுக்குப் புதுத் திரை. மருந்துக்கடைக்காரரின் அக்கா ஒரு கல்லூரியில் இருக்கிறாளாம், ஆள் தேடுகிறார்களாம், சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. உன்னை ஏன் வந்தாய் என்றும் கேட்க மாட்டேன், எப்போது போவாய் என்றும் கேட்க மாட்டேன். இப்போது எழுதப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாப்பிள்ளையை மன்னிக்கச் சொல்கிறாய். அவன் பயந்தான், அள்ளிக்கொண்டான். இந்த மாதிரி ஆட்களை வேலை செய்த இடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் பெட்டியைக் கூச்சமில்லாமல் காட்டி "இதுதாம்மா என்னுது" என்பார்கள். கோபம் வரும், வீட்டுக்குப் போனதும் போய்விடும். அவனை நான் என் ஆள் என்று எண்ணியதும் இல்லை. நீ கேட்டதற்காக விட்டுவிட்டேன். இங்கே வந்தால் ஒரு வாய் சாப்பாடு போடுவேன். எதிரில் உட்கார மாட்டேன், அவ்வளவுதான். உங்கள் தலைவர் மறந்தது அவர் நாற்காலிக்காக. நாற்காலிக்காரர்கள் ஞாபகத்தை நான் என்றைக்கும் நம்பினதில்லை, அதனால் ஏமாறவும் இல்லை. காதில் பஞ்சு வைத்தவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடிக்காரி எனக்கு வாரம் ஒரு கடிதம் போடுகிறாள். நல்லவளாகத்தான் தெரிகிறாள். இன்னும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குழுக்காரர்கள் வாழ்த்து அனுப்பினார்கள். "உடல்நலனுக்கு." அதை மருந்துக்கடைக்காரர்தான் எனக்குப் படித்துக் காட்டினார், அந்த மாதிரி அரசாங்க எழுத்து எனக்குச் சட்டென்று வராது. படித்து முடித்து என்னைப் பார்த்தார். மறுநாள் மாத்திரை வாங்கப் போனேன். ஒவ்வொரு அட்டையிலும் "காலை", "இரவு" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடமாக எழுதினதே இல்லை. நான் கேட்கவில்லை, அவராக எழுதினார். கடைப்பையன் முன்னால் இன்னொரு தரம் வாயாலும் சொன்னார். பெயர் போகாது என்று எழுதியிருந்தாயே.

விதை போட்ட பிரதி என்ற சொல்லை அன்றைக்கு முன் நான் கேட்டதே கிடையாது. விதை என்றால் எனக்குத் தோட்டம். கேட்டிராத சொல்லை ஒரு கிழவி வேறு எந்த நாளிலிருந்து எடுத்து வந்து சேர்ப்பாள்? இதைக்கூட அந்தக் குழுவில் ஒருத்தர் யோசிக்கவில்லை. நீ யோசித்திருப்பாய். யோசித்துவிட்டுத்தான் எழுதினாய். அவன் "போடாதது" என்று சொன்னபோது மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாய், சந்தோஷத்தில். மோதிரம் குத்தியது. அதையும் நினைவில்லை என்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

படிப்பு எனக்கு இல்லை, சொத்து இல்லை. கட்டினவனும் சீக்கிரம் போய்விட்டான். நடந்ததை நடந்தபடி வைத்திருக்கிற இந்தத் தலை ஒன்றுதான் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது. அவனைக் காப்பாற்ற உன் வேலையைக் கொடுத்தாய், அது உன்னுடையது, கொடுக்கலாம். இது என்னுடையது.

வண்டி எத்தனை மணிக்கு என்று எழுது. நிலையத்துக்கு நானே வருகிறேன், பெட்டியை நான் தூக்குகிறேன். ஆனால் அந்த மேஜையில் இருந்தவர்களில் நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை என்று ஒரே ஒருத்தரை வைத்திருக்கிறேன். அது நீதான் பொடிசு.